ட்ரூபடூர் காதல் பாடலை முதன்முறையாக வாசிப்பது எப்படி?

12-ஆம் நூற்றாண்டில் தெற்குப் பிரான்சின் அரசவைகளில் ஒக்சிதான் மொழியில் பாடிய கவிஞர்களை ட்ரூபடூர்கள் என்றும், அவர்களுடைய காதல் பாடலைக் கான்சோ என்றும் சொல்வார்கள். மூலமும் மொழிபெயர்ப்பும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்த பதிப்பையே வாங்குங்கள். மொழிபெயர்ப்பு மட்டுமே உள்ள தொகுப்பு முதல் படியிலேயே பயன்படாமல் போய்விடும்.

முதல் படி: பெர்னார்ட் டி வென்டடோர்னின் வானம்பாடிப் பாடலை எடுத்து, பொருளைத் தேடாமல் மூலத்தை ஒருமுறை உரக்கப் படியுங்கள். எல்லாப் பத்திகளிலும் ஒரே இயைபொலிகள் திரும்பத் திரும்ப வருவதைக் காது தானாகவே பிடித்துக்கொள்ளும்.

இரண்டாம் படி: பாடுபவர் யாரிடம் முறையிடுகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் பல நாட்கள் திணறிய இடம் இதுதான். பாடலின் பிற்பகுதியில் ‘மிதோன்ஸ்’ என்னும் சொல் வருகிறது. அதன் வேர் ‘என் தலைவன்’ என்று பொருள்படும் ஆண்பாற்சொல் என்று அகராதியில் கண்டதும், கவிஞர் தம்மைப் புரக்கும் பிரபுவிடம் பேசுகிறார் என்று முடிவு செய்துவிட்டேன். உண்மையில் அது காதலியைக் குறிக்கும் சொல். நிலமானியம் பெற்ற வீரன் தன் பிரபுவுக்குக் கட்டுப்பட்டதைப் போல ஆண் தன் காதலிக்குக் கட்டுப்பட்டவன் என்ற உறவை அந்த ஒரு சொல் நிறுவிவிடுகிறது. அதனால்தான் அவர் அதே இடத்தில், தம் வேண்டுதலும் அவளுடைய இரக்கமும் மட்டுமல்லாமல் தமக்குள்ள உரிமையும் அவளிடம் பயன்படவில்லை என்று வழக்குரைப்பதைப் போல முறையிடுகிறார். ‘பயன்படுதல்’ என்று பொருள்படும் ‘வலேர்’ என்னும் வினையை அடிக்கோடிட்டு வையுங்கள்.

மூன்றாம் படி: இறுதியில் வரும் குறும்பத்தியாகிய தோர்னாதாவைத் தனியே படியுங்கள். அங்கே விளிக்கப்படும் ‘திரிஸ்தான்’ பழங்கதையின் நாயகன் அல்லன். ஒருவரின் உண்மைப் பெயரை மறைக்க இட்ட புனைபெயர்.

நான்காம் படி, என் கருத்தில் எவரும் தவிர்க்கக் கூடாதது: தீயாவின் சீமாட்டி பாடிய, பாட விரும்பாததைப் பாடியாக வேண்டியிருக்கிறது என்று தொடங்கும் கான்சோவை உடனே அருகில் வைத்துப் படியுங்கள். பெண் ட்ரூபடூர்களின் பாடல்களில் இசைக்குறிப்போடு எஞ்சியது இது ஒன்றுதான். இரக்கமும் பண்பும் தம் காதலனிடம் தமக்குப் பயன்படவில்லை என்று இவரும் அதே ‘வலேர்’ வினையால்தான் சொல்கிறார். ஆனால் பிற்பகுதியில் அதே வினையைத் திருப்பி, தம் மதிப்பும் குலமும் அழகும், அவற்றைவிட மேலாகத் தம் உண்மையுள்ள நெஞ்சமும் பயன்பட்டே தீர வேண்டும் என்று கேட்கிறார். செகுயின் என்பவன் வலென்ஸா என்னும் பெண்ணைக் காதலித்ததைவிடத் தாம் மிகுதியாகக் காதலிப்பதாகக் கூறும்போது, தம்மை ஒப்பிட அவர் தேர்ந்தெடுப்பது காதலனின் இடத்தை என்பதைக் கவனியுங்கள்.

பின்னர்ச் சேர்த்தது: இச்சீமாட்டி, ரைம்பாட் டி ஒரேஞ்ச் என்னும் ட்ரூபடூரைக் காதலித்தவர்தானே என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். அச்செய்தி ‘வீதா’ எனப்படும் சிறு வாழ்க்கைக் குறிப்பிலிருந்து வருகிறது. வீதாக்கள் பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை. அவற்றுள் பல, பாடல் வரிகளிலிருந்தே வாழ்க்கையைப் புனைந்துகொண்டவை. ஆகவே பாடலை இரண்டு முறையேனும் படித்து முடித்த பிறகே வீதாவைத் திறவுங்கள்.