2014 ஃபார்முலா ஒன் பருவத்தை எஞ்சின் வழியே பார்ப்பது எப்படி?

2014ஆம் ஆண்டின் 19 பந்தயங்களில் 16ஐ மெர்சிடிஸ் அணியே வென்றதால், அந்தப் பருவத்தைச் சலிப்பானது என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. முந்துதல்களை எண்ணுவதை விட்டுவிட்டு, ஆற்றல் எங்கே பிறந்து எங்கே செலவாகிறது என்று பின்தொடர்ந்தால், அதுபோலக் கற்றுத்தரும் பருவம் வேறில்லை என்பது என் துணிபு.

முதலில் அந்த ஆண்டின் விதிகளை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். 2.4 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் போய், 1.6 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) டர்போ ஹைபிரிட் வந்தது; அதாவது, வெளியேறும் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் டர்போவும், மின்மோட்டார்களும் சேர்ந்த எஞ்சின். பந்தயத்துக்கு 100 கிலோ எரிபொருள் மட்டுமே. அது பாயும் வீதமும் மணிக்கு 100 கிலோவைத் தாண்டக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது ஒரு மின்மோட்டார் மின்சாரம் சேமித்து, பின்னர் 120 கிலோவாட் வரை பின்சக்கரங்களுக்குத் திருப்பித் தரும். இன்னொன்று டர்போவின் தண்டோடு சுழன்று, வெளியேறும் வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கும். எஞ்சினின் சத்தம் குறைந்ததற்கும் டர்போ ஒரு காரணம்.

மெல்பர்னில் தொடங்குங்கள். இரண்டாவதாக வந்த ரெட் புல் அணியின் ரிக்கியார்டோ, எரிபொருள் வீத வரம்பை மீறியதற்காகத் தகுதி நீக்கப்பட்டார். அடுத்து பஹ்ரைன்: விபத்துக்குப் பின் வேகத்தைக் கட்டுப்படுத்த எல்லாருக்கும் முன்னே ஓடும் பாதுகாப்பு கார் விலகிய பின் எஞ்சிய சுமார் 10 சுற்றுகளில், ஒருவரோடொருவர் போட்டியிட்டுக்கொண்டே ஓடிய மெர்சிடிஸ் ஓட்டுநர்கள் ஹாமில்டனும் ரோஸ்பெர்க்கும் மூன்றாமிடத்து பெரேஸை ஏறத்தாழ 24 வினாடி பின்தள்ளினார்கள். வேறு அணியைச் சேர்ந்த பெரேஸின் காரிலும் மெர்சிடிஸ் எஞ்சின்தான் என்பதை மறக்காமல் பாருங்கள். எஞ்சின் ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடாது.

ஒரே ஒரு பந்தயத்துக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால், கனடாவைத் தேர்ந்தெடுங்கள். நடுவழியில் இரண்டு மெர்சிடிஸ் கார்களிலும் சக்கரங்களை உந்தும் மின்மோட்டார் செயலிழந்தது. நேர்பாதையில் வேகம் குறைந்ததை எவரும் கவனிப்பார்கள்; நீங்கள் பிரேக்கைக் கவனியுங்கள். பின்சக்கரங்களை மெதுவாக்குவதில் மோட்டாரும் பங்கேற்கும் என்ற நம்பிக்கையில் பின் பிரேக்குகள் சிறிதாக்கப்பட்டிருந்ததால், மோட்டார் நின்றதும் முழுச் சுமையும் அவற்றின் மேல் விழுந்தது. கடுமையாகப் பிரேக் பிடிக்க வேண்டிய மான்ட்ரியல் தடத்தில் ஹாமில்டனின் பின் பிரேக்குகள் தாங்காமல் அவர் விலக நேர்ந்தது. ரோஸ்பெர்க்கோ ஊனமுற்ற காரை அரவணைத்து ஓட்டி, கடைசிச் சுற்றுகளில்தான் ரிக்கியார்டோவிடம் முதலிடத்தை இழந்தார். வெற்றிபெறாத ஒருவரின் ஓட்டத்தில் இவ்வளவு திறமை வெளிப்பட்டதை நான் அதிகம் கண்டதில்லை.

பிறகு ஓட்டுநர்களுக்கான உலகப் பட்டத்தைத் தீர்மானித்த அபுதாபியைப் பாருங்கள். அங்கும் ரோஸ்பெர்க்கின் ஆற்றல் மீட்பு அமைப்பு பழுதாகி, அவர் 14ஆவதாக முடித்தார். கனடாவில் காப்பாற்ற முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்று இரு பந்தயங்களின் சுற்று நேரங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.