காப்பாற்றியவர்களின் கதையைக் கேட்டு எழுதுவது எப்படி

கொழும்பில் தமிழர்களைத் தாக்கிய 83 ஜூலைக் கலவரத்தின் கதை எங்கள் வீட்டில் எப்போதும் கப்பலில்தான் தொடங்கும். கொழும்பில் ஏறி காங்கேசன்துறையில் இறங்கினோம், கையில் ஒரு பை மட்டும், அவ்வளவுதான். அதற்கு முந்தின நாட்களில் பெரியம்மா எங்கே இருந்தார் என்று யாரும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் அவரைத் தங்கள் சாமான் அறைக்குள் ஒளித்து வைத்திருந்தது எனக்குத் தெரிய வந்ததே போன வருடம்தான். யாழ்ப்பாணத்தில் இப்படிக் கேட்காமல் விட்ட கதை எத்தனையோ வீடுகளில் இருக்கிறது, சொல்லக்கூடியவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது, ஆகவே இந்த விடுமுறைக்கே உட்காருங்கள்.

என்ன கேட்பது என்பதை நான் ஜெருசலேமிலுள்ள யாத் வஷேம் நிறுவனத்தின் முறையிலிருந்து எடுத்தேன். நாஜிகளிடமிருந்து யூதர்களைக் காப்பாற்றிய யூதரல்லாதவர்களைப் பற்றி 1963 முதல் விசாரித்து, இதுவரை 28,000 பேருக்கு மேல் கௌரவித்திருக்கிறார்கள். அதில் விவசாயிகளும் வீட்டு வேலைக்காரப் பெண்களும் போதகர்களும் இருக்கிறார்கள். உயிருக்கோ வேலைக்கோ உண்மையான ஆபத்து இருந்ததா, கூலி பேசாமல் செய்தார்களா, தப்பியவரின் சாட்சியோ ஆவணமோ உண்டா என்று பார்ப்பார்கள். யூதர்கள் பட்டதையும் நாங்கள் பட்டதையும் நான் ஒப்பிடவில்லை. கேட்கும் முறையை மட்டும்தான் எடுத்தேன்.

சரி, போனில் பதிவைப் போட்டுவிட்டு மின்விசிறியை நிறுத்துங்கள், அந்தச் சத்தம் பாதிக் கதையை விழுங்கிவிடும். "பயமாக இருந்ததா" என்று தொடங்காதீர்கள். "ஓம், பயம்தான்" என்று முடிந்துவிடும். எங்கே படுத்தீர்கள், கக்கூசுக்கு எப்படிப் போனீர்கள், சாப்பாடு யார் கொண்டுவந்தது, வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோதுதான் பெரியம்மா அதைச் சொன்னார்: உலையில் அரிசி கூடப் போட்டால் சமைக்க வரும் பெண்ணுக்குச் சந்தேகம் வரும் என்று, அந்த வீட்டு அம்மா தன் கோப்பைச் சோற்றில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை முந்தானைக்குள் மறைத்து எடுத்து வருவாராம்.

அடுத்து, பிடிபட்டிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். ஜெர்மனி பிடித்து வைத்திருந்த போலந்தில் யூதரை ஒளித்தால் மரண தண்டனை. மார்கோவா கிராமத்தில் யோசெப் உல்மாவும் விக்டோரியாவும் எட்டு யூதர்களை வீட்டில் வைத்திருந்தார்கள். 1944 மார்ச் 24 அன்று ஜெர்மன் பொலிஸ் அந்த எட்டுப் பேரையும் கணவன் மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் சுட்டுக் கொன்றது, விக்டோரியா அப்போது கர்ப்பிணி. இது தெரிந்தால்தான், கதவைத் திறந்தவர் எதைப் பணயம் வைத்தார் என்று கேட்க உங்களுக்கே வாய் வரும்.

காசு வாங்கினார்களா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். சாப்பாட்டுச் செலவுக்கு வாங்கியிருந்தால் அதில் குறை ஒன்றும் இல்லை, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

முடிந்தால் மறுபக்கத்துக் குடும்பத்தையும் தேடிக் கதையுங்கள். திகதி ஒத்துவராவிட்டால் இரண்டையும் எழுதுங்கள், நீங்களாகச் சரிப்படுத்த வேண்டாம். அவர்கள் சம்மதிக்காமல் பெயரை வெளியே போடக்கூடாது, ஆனால் உங்கள் கொப்பியில் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். போலந்தின் வார்சோவில் யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோவிலிருந்து பிள்ளைகளை இரகசியமாக வெளியே எடுத்த இரேனா செண்ட்லர், பிள்ளைகளின் உண்மைப் பெயரையும் புதுப் பெயரையும் மெல்லிய தாளில் எழுதிப் புதைத்து வைத்தார், பிறகு சொந்தங்களிடம் சேர்க்கலாம் என்று. நீங்களும் இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள்.

அப்புறம் எழுதியதைச் சொன்னவருக்கே வாசித்துக் காட்டுங்கள். நான் வாசித்தபோது பெரியம்மா இடையில் நிறுத்தினார். "அந்த ஐயா இரவு முழுக்கப் படலையடியில் கதிரை போட்டு இருந்தவர், அதை எழுதேல்லையே?" என்றார். எழுதினேன்.