அமிகா 1200-இல் சிஎஃப் கார்டை ஹார்ட் டிஸ்க்காகப் பொருத்துவது

1992-இல் வந்த கமடோர் நிறுவனத்தின் வீட்டுக் கணினியான அமிகா 1200-க்குள் 2.5 அங்குல டிஸ்க்குக்கான 44 பின் ஐடிஇ (டிஸ்க்கைக் கணினியுடன் இணைக்கும் முறை) இணைப்பு இருக்கிறது. சிஎஃப் (காம்பேக்ட் ஃபிளாஷ்) என்னும் மெமரி கார்டு ஐடிஇ மொழியையே பேசும் என்பதால், இரண்டையும் இணைக்கும் அடாப்டரில் வெறும் கம்பித்தடங்கள் போதும். எஸ்டி கார்டுக்கு நடுவில் ஒரு மாற்றுச் சிப் வேண்டும்; தகராறு பெரும்பாலும் அங்கேதான் வரும். சிஎஃப்பே நல்லது.

மின்சாரத்தை அணைத்து, ப்ளக்கைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். கேபிளின் சிவப்பு ஓரம் இரு பக்கமும் 1-ஆம் பின்னில் இருக்கவேண்டும். 5 வோல்ட்டும் இதே கேபிளில் வருவதால், திருப்பிச் செருகினால் கார்டு கருகலாம். அடாப்டரின் ஜம்பர் (அமைப்பை மாற்றும் சிறு செருகி) ‘மாஸ்டர்’, அதாவது முதல் டிரைவ், நிலையில் இருக்கட்டும். அடாப்டரின் அடிப்பக்கம் உலோகக் கவசத்தைத் தொடாதபடி இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

இனி ஹெச்டிடூல்பாக்ஸ்; டிஸ்க்கைத் தயார்செய்யும் அமிகா மென்பொருள் இது. கார்டில் உள்ள பழைய பார்ட்டிஷன் (டிஸ்க் பிரிவு) தகவல் அதைக் குழப்பும். முன்னதாகவே வேறு கணினியில் கார்டின் தொடக்கப் பகுதியைப் பூஜ்யங்களால் அழித்துவிடுங்கள். பிறகு புது டிரைவ் வகை ஒன்றை உருவாக்கி, கார்டின் விவரங்களைப் படிக்கச் சொல்லுங்கள். அமிகாவின் ரோம் சிப்பில் இருக்கும் அடிப்படை மென்பொருளான கிக்ஸ்டார்ட்டில் 3.1 பதிப்பு வரை 4 ஜிபிதான் எல்லை. அதைத் தாண்டி எழுதினால் தரவு கார்டின் தொடக்கத்துக்கே சுற்றிவந்து, இருப்பதை அழிக்கும். எச்சரிக்கைகூட வராது! 4 ஜிபி கார்டே வாங்கினால் தலைவலி இல்லை.

பெரிய கோப்புகள் மட்டும் சிதைகின்றனவா? ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் மேக்ஸ்டிரான்ஸ்ஃபர் (ஒரே முறையில் அனுப்பும் தரவின் உச்ச அளவு) மதிப்பை 255 செக்டர், அதாவது 130560 பைட் ஆக்குங்கள். அந்த மதிப்பை நிரப்பும் பெட்டியில் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணாக மாற்றி எழுதவேண்டும்.