யுஎஸ்பியில் செருகிய ஆர்டுயினோ லியோனார்டோ: மின்செலவைக் குறைக்கும் வழி

கணினியே மின்சாரம் தரும்போது சிக்கனம் எதற்கு என்று தோன்றும். லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது தெரியும் எதற்கு என்று. இங்கே லியோனார்டோ என்ற ஆர்டுயினோ போர்டை, அதாவது நாமே நிரல் ஏற்றி இயக்கும் சிறு சர்க்யூட் போர்டை, எடுத்துக்கொள்கிறேன். அதிலுள்ள ஏடிமெகா32யு4 சிப்பே யுஎஸ்பி வேலையையும் பார்க்கிறது. ஊனோ ஆர்3 என்ற இன்னொரு ஆர்டுயினோ போர்டில் அதற்குத் தனிச் சிப் இருப்பதால் இதெல்லாம் அப்படியே பொருந்தாது.

1. முதலில் அளந்து பாருங்கள்

பழைய யுஎஸ்பி கேபிள் ஒன்றை உரித்து, சிவப்பு வயரை மட்டும் வெட்டுங்கள். பச்சையும் வெள்ளையும் டேட்டா வயர்கள், தொட வேண்டாம். வெட்டிய முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டரை 200 மில்லி ஆம்பியர் நிலையில் வையுங்கள். மைக்ரோ ஆம்பியர் நிலைக்குத் திருப்பினால் மீட்டருக்குள்ளேயே வோல்டேஜ் விழுந்து போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும்.

2. பவர் எல்ஈடி

1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டில் எரியும் எல்ஈடி ஏறக்குறைய 3 மில்லி ஆம்பியர் குடிக்கும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும். சால்டரிங் பழக்கம் இருந்தால் கழற்றிவிடலாம்.

3. டிலேக்குப் பதில் ஐடில்

டிலே (நிரலைக் காத்திருக்க வைக்கும் கட்டளை) ஓடும்போது சிப் ஓய்வெடுப்பதில்லை, சும்மா எண்ணிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு, லூப்பின் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) கடைசியில் ஐடில் ஸ்லீப் என்ற லேசான தூக்கத்தைப் போடுங்கள். டைமர் இன்டரப்ட் (சிப்புக்குள் இருக்கும் டைமர் தரும் குறுக்கீடு) ஏறக்குறைய ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு முறை எழுப்பும். நேரமாகிவிட்டதா என்று மில்லிஸ் (நிரல் தொடங்கி எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று சொல்லும் கட்டளை) வைத்துப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் மறுபடி தூங்கட்டும். யுஎஸ்பி தொடர்பு அறாது. அனலாக் ரீட் (வோல்டேஜை அளந்து எண்ணாகப் படிப்பது) தேவையில்லை என்றால் அதைச் செய்யும் ஏடிசி பகுதியையும் அணைத்துவிடுங்கள்.

ஐடில் போதாதென்று நான் ஒரு நாள் நேராக பவர் டவுன் என்ற ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனேன். கிளாக் நின்றது, போர்ட் பட்டியலிலிருந்து போர்டே காணோம், புது நிரலையும் ஏற்ற முடியவில்லை. போர்டு செத்துவிட்டது என்றே நினைத்தேன். சாகவில்லை. ரீசெட் அழுத்தினால் பூட்லோடர் (புது நிரலை வாங்கிப் பதியும் சிறு நிரல்) சுமார் 8 விநாடி விழித்திருக்கும். ஐடிஇ (கணினியில் நிரல் எழுதி ஏற்றும் மென்பொருள்) கம்பைலை முடித்து அப்லோடு தொடங்கும் நேரம் பார்த்து அழுத்த வேண்டும், இரண்டு மூன்று முறை தவறும். செட்டப்பில் (தொடக்கத்தில் ஒரு முறை மட்டும் ஓடும் பகுதி) 10 விநாடி டிலே போட்டு வைத்தால் இந்தப் பாடே இல்லை.

4. கணினி தூங்கும்போது

யுஎஸ்பி வயரில் 3 மில்லி செகண்ட் எந்தச் சலனமும் இல்லையென்றால், போர்டு சஸ்பெண்ட் என்ற குறைந்த மின்செலவு நிலைக்குப் போக வேண்டும் என்பது விதி. யுஎஸ்பி 2.0இல் அப்போது எடுக்கக்கூடியது 2.5 மில்லி ஆம்பியர்தான். அந்த எல்ஈடி ஒன்றே அதைத் தாண்டிவிடுகிறது! சஸ்பெண்ட் வந்ததை நிரலில் கவனித்து, சென்சார்களையும் மற்ற எல்ஈடிகளையும் அணையுங்கள். பவர் டவுனுக்கும் இதுதான் சரியான இடம், ஆனால் யுஎஸ்பி வேக்கப் இன்டரப்ட் (கணினி விழித்ததும் சிப்பை எழுப்புவது) பழகிய பிறகு.

சரி, இப்போது மீட்டரைப் பார்த்துக்கொண்டே லேப்டாப்பைத் தூங்க வையுங்கள். எண் ஒரேயடியாகப் பூஜ்யத்துக்குப் போனால் சந்தோஷப்பட வேண்டாம், லேப்டாப் அந்தப் போர்ட்டையே அணைத்திருக்கும்.