சோதனையில் 97 சதவீதம், என் கையெழுத்துக்கு எல்லாமே 8

இணையத்தில் ஒரு தொடக்கநிலை ஏஐ பாடம் படிக்கும்போது, எம்னிஸ்ட் என்ற பொதுப் படத்தொகுப்பை வைத்துக் கையால் எழுதிய எண்களை அடையாளம் காணும் நிரல் எழுதினேன். 60,000 படங்களில் பயிற்சி. மீதி 10,000 படங்களில் 97 சதவீதம் சரி. ஆனால் நானே தாளில் எழுதி மொபைலில் படமெடுத்துக் கொடுத்தால், 1, 4, 7 எதுவானாலும் 8 என்றே பதில். அதுவும் அசைக்க முடியாத நம்பிக்கையோடு!

பயிற்சிச் சுற்றுகளைக் கூட்டினேன், நரம்புவலையில் அடுக்குகளைச் சேர்த்தேன், பயிற்சிப் படங்களை மனப்பாடம் செய்வதைக் குறைக்கும் டிராப்அவுட் உத்தியும் போட்டேன். 8 நகரவில்லை. படத்தை 28-க்கு 28 பிக்சலாகச் சுருக்கி, 0 முதல் 255 வரையிலான பிக்சல் மதிப்புகளை 255-ஆல் வகுத்தும் இருந்தேன். பிழைச்செய்தி எதுவும் கிடையாது, அதுதான் கடுப்பு.

கடைசியில் பயிற்சிப் படம் ஒன்றையும் என் படத்தையும் வெறும் எண்களாக அச்சிட்டுப் பார்த்தேன். எம்னிஸ்டில் பின்புலம் 0, எழுத்துதான் பெரிய எண். அதாவது கறுப்பில் வெள்ளை. என்னுடையது நேர்மாறு. இது கண்ணில் படாததற்குக் காரணம், பாடத்தில் மேட்பிளாட்லிப் என்ற படம் வரையும் நிரலகத்தின் 'பைனரி' வண்ண அமைப்பில் படங்களைக் காட்டியிருந்தார்கள். அது 0-ஐ வெள்ளையாக வரையும். திரையில் பார்த்தால் தாளில் எழுதியது போலவே தெரியும்.

கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்க, வகுக்கும் முன் 255-லிருந்து ஒவ்வொரு பிக்சலையும் கழித்தேன். தாளின் நிழல் சாம்பலாக நின்றது, ஒரு வரம்புக்குக் கீழே உள்ளதை எல்லாம் 0 ஆக்கினேன். பாதி சரியானது. அப்புறம்தான் இன்னொன்று தெரிந்தது: எம்னிஸ்ட் எண்கள் 20-க்கு 20 கட்டத்துக்குள் அடங்கி, நிறைமையம் (எழுத்தின் பிக்சல்கள் சமனாகும் புள்ளி) படத்தின் நடுவில் வரும்படி வைக்கப்பட்டவை. என் எண்களையும் அப்படியே வெட்டி நடுவில் வைத்தேன், சரியாகிவிட்டது. தலை மூடாத 9-ஐ மட்டும் இன்னும் 4 என்கிறது. என் கையெழுத்துக்கு அது நியாயம்தான்.