கண் வறட்சி: சொட்டு மருந்துக்கு முன் ஒத்தடம்

மணல் விழுந்த மாதிரி உறுத்தல், சாயங்காலமானால் எரிச்சல், ஃபேன் காற்று முகத்தில் பட்டாலே பொலபொலவென்று கண்ணீர். தண்ணீர் வழியும் கண்ணைப் போய் வறண்ட கண் என்றால் பலரும் நம்புவதில்லை. கருவிழியில் ஓர் இடம் காய்ந்து எரியத் தொடங்கியதும் கண்ணீர்ச் சுரப்பி பதறிப்போய் மொத்தமாக நீரைக் கொட்டுகிறது. வெங்காயம் நறுக்கும்போது வருகிற அதே வகைக் கண்ணீர்தான். கன்னத்தில் வழியுமே தவிர கண்ணில் தங்காது.

தங்க வைப்பது எண்ணெய். கண்ணீர்ப் படலத்தில் அடியில் சளி போன்ற வழவழப்பு, நடுவில் நீர், மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. இந்த எண்ணெய் இமை விளிம்பில் திறக்கும் மைபோமியன் சுரப்பிகளிலிருந்து வருகிறது. மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை இருக்கும். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இவை துளித்துளியாகப் பிதுங்கி, நீர் ஆவியாகாமல் மூடி வைக்கின்றன. கண் வறட்சிக்காரர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு இங்கேதான். மார்கழியில் பாட்டிலுக்குள் உறைந்த தேங்காய் எண்ணெயைப் போல உள்ளே கெட்டிப்பட்டு, வாயை அடைத்துக்கொள்கிறது.

இதைக் கண்ணாடி முன் நீங்களே பார்க்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமைமுடிக்குச் சற்றுக் கீழே விரலை வைத்து ஐந்து விநாடி மெல்ல அழுத்துங்கள். செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் விளிம்பில் நல்லெண்ணெய் மாதிரித் தெளிவான சிறு துளிகள் தெரிய வேண்டும். கலங்கலாகவோ, பற்பசைபோல் இழுத்துக்கொண்டோ வந்தாலும், ஒன்றுமே வராவிட்டாலும் அடைப்பு என்று கொள்ளலாம்.

ஒத்தடம் கொடுக்கும் முறை

பலர் துணியை வெந்நீரில் நனைத்து ஒரு தடவை வைத்துவிட்டு, பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஈரத்துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். எண்ணெய் உருக இமைக்குச் சுமார் 40 டிகிரி சூடு பத்து நிமிடம் வரை தொடர்ந்து கிடைக்க வேண்டும்.

ஒரு பங்கு கொதித்த தண்ணீரில் மூன்று பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய 45 டிகிரி வரும். மூடியுள்ள பாத்திரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுத்தமான பருத்தித் துணிகளை நாலாக மடித்து நனையுங்கள். ஒன்றைப் பிழிந்து மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, சுகமான சூடு என்றால் மூடிய இமைமேல் வையுங்கள். சுள்ளென்று இருந்தால் ஆறவிடுங்கள். ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை துணியை மாற்ற வேண்டும். பாதியில் நீர் ஆறினால் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கலந்துவிட்டு, மறுபடி மணிக்கட்டில் சோதித்துக்கொள்ளுங்கள். அரிசியை மூட்டை கட்டிச் சுடவைப்பதும் உண்டு. அதன் உள்ளே ஒரு பக்கம் அதிகமாகச் சுட்டிருக்கும், வெளியே தெரியாது. இமைத்தோலுக்கு அந்த விளையாட்டு வேண்டாம்.

உருகியது மறுபடி இறுகுமுன் உடனே நீவிவிட வேண்டும். கண்ணை மூடியபடி மேல் இமையை மேலிருந்து கீழாக, கீழ் இமையைக் கீழிருந்து மேலாக, இரண்டையும் இமைமுடியை நோக்கியே நீவ வேண்டும். மூக்குப் பக்கம் தொடங்கி வெளிமூலை வரை ஐந்தாறு தடவை போதும். பழுத்த தக்காளியைத் தொடுகிற அழுத்தம் போதும். கண்விழியை அழுத்தக் கூடாது. கண் அறுவை சிகிச்சை ஆனவர்களும் கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் நீவ வேண்டாம். முடிந்ததும் சற்று நேரம் பார்வை மங்கலாக இருக்கும். எண்ணெய் வெளியே வந்ததால் அப்படி, பயம் வேண்டாம். காலை, இரவு என நான்கு வாரம் செய்த பிறகே பலனை எடைபோடுங்கள். அப்புறம் தினம் ஒருவேளை போதும்.

இமைமுடியின் அடியில் பொடுகு போல ஒட்டியிருந்தால், கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் விளிம்பு ஓரமாகத் துடைத்தெடுங்கள். குழந்தை ஷாம்பூவை நீர்த்துப் பயன்படுத்தும் பழைய வழக்கத்தை இப்போது பல மருத்துவர்கள் விரும்புவதில்லை. ஒவ்வொரு முடியின் அடியையும் குழாய் போலச் செதில் சுற்றியிருந்தால் டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சி இருக்கக்கூடும், அதற்கு மருந்து வேறு. கண்மை இடுபவர்கள் இமைமுடிக்கு வெளியே இடட்டும். உள்விளிம்பில் இழுக்கிற கோடு சுரப்பி வாய்களின் மேலேயே பூசப்படுகிறது.

இமைப்பதும் காற்றும்

சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது இது பாதிக்கும் கீழே போவதுண்டு. இமைப்பதும் அரைகுறையாக, மேல் இமை கீழே தொடாமலே திரும்பிவிடும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணை மெல்ல மூடி இரண்டு விநாடி, பிறகு லேசாக இறுக்கி இரண்டு விநாடி, திறங்கள். இப்படி ஐந்து தடவை. திரையின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். குனிந்து பார்க்கும்போது கண் குறைவாகவே திறந்திருக்கும், ஆவியாகும் பரப்பும் குறையும். ஏசி காற்றும் ஃபேன் காற்றும் நேரே முகத்தில் அடிக்க வேண்டாம். பைக்கில் போகும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

காலையில் எழும்போதே உறுத்தல் என்றால் இமை விளிம்பு அழற்சியையோ, தூக்கத்தில் கண் சரியாக மூடாததையோ சந்தேகிக்க வேண்டும். தூங்கும்போது வீட்டாரை ஒருநாள் பார்க்கச் சொல்லுங்கள். உறுத்தலைவிட அரிப்பே அதிகம் என்றால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்குச் சாப்பிடும் செட்ரிசின் போன்ற மாத்திரைகளே கண்ணை உலர்த்தும் என்பது ஒரு வேடிக்கை.

மீன் எண்ணெய் மாத்திரையில் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம். 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பைத் தினம் 3,000 மில்லிகிராம் ஓராண்டு சாப்பிட்டவர்களுக்கு, ஆலிவ் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை.

சொட்டு மருந்து

செயற்கைக் கண்ணீர் என்று கேளுங்கள். கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் 0.5 சதவீதம் தொடக்கத்துக்குச் சரியானது, சோடியம் ஹையலுரோனேட்டும் நல்லது. 1 சதவீதக் கெட்டி மருந்தும் களிம்பும் பார்வையை மங்கவைக்கும், இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் பென்சால்கோனியம் குளோரைடு என்று இருந்தால் அது கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள். ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் போட வேண்டியிருந்தால் அது இல்லாத மருந்தாக வாங்குங்கள். அடிக்கடி பட்டால் அதுவே கருவிழித் தோலைப் புண்ணாக்கும்.

புதுப் பாட்டிலின் முனை மூடியிருந்தால் மூடிக்குள் இருக்கும் முள்ளாலேயே திருகித் துளையுங்கள். சேஃப்டி பின்னால் குத்தினால் துளை பெரிதாகி மருந்து வீணாகும், கிருமியும் புகும். திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதி, அட்டையில் வேறு கெடு சொல்லாவிட்டால் ஒரு மாதத்தில் எறிந்துவிடுங்கள். கீழ் இமையை இழுத்துப் பை போலாக்கி, மேலே பார்த்தபடி ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டுக்குக் கண்ணில் இடமில்லை. முனை இமையில் படக் கூடாது. ஒரு நிமிடம் கண்ணை மூடியிருங்கள், கொட்டிக் கொட்டி இமைக்க வேண்டாம். வேறொரு மருந்தும் உண்டென்றால் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள்.

சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து ரத்தக் குழாயைச் சுருக்கும். விட்டதும் சிவப்பு இன்னும் அதிகமாகத் திரும்பும். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு சொட்டுகளைக் கடையில் சொல்லி வாங்கிப் போடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. முதல் இரண்டு நாள் அற்புதமாக இருக்கும். தொடர்ந்தால் கண் நீர் அழுத்தம் ஏறும், புரை விழும், பூஞ்சைத் தொற்று இருந்தால் கருவிழியையே தின்றுவிடும். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் கண்ணுக்குள் வேண்டாம், அவை கிருமி நீக்கியவை அல்ல. தொழிற்சாலை மருந்திலேயே தவறு நேர்ந்திருக்கிறது. சென்னைக்கு அருகே தயாராகி அமெரிக்காவுக்குப் போன செயற்கைக் கண்ணீரோடு தொடர்புடைய சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாத் தொற்றில் 2022-23-இல் சிலர் பார்வை இழந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது.

மருத்துவரிடம் எப்போது

வலி, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், பார்வைக் குறைவு, சீழ், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, ஒரு கண் மட்டும் சிவத்தல் என்றால் அன்றைக்கே போங்கள். நெல் உமி, கரும்புத் தோகை, மண் பட்ட கண்ணும் அப்படியே. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் கண் சிவந்தால் லென்ஸைக் கழற்றி, அதையும் கையோடு கொண்டுபோக வேண்டும். மாலையில் பார்வை தெரியாமல் தடுமாறும் குழந்தையின் கண் வறண்டிருந்தால் வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம்; நாள் கடத்தாதீர்கள்.

மற்றவர்கள் நான்கு வார ஒத்தடத்துக்கும் மசியாவிட்டால் போகலாம். மஞ்சள் சாயமிட்டுக் கண்ணீர்ப் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று பார்ப்பார்கள். பத்துக்குக் கீழே என்றால் குறைவு. கீழ் இமையில் 5 மில்லிமீட்டர் அகலக் காகிதப் பட்டையைச் செருகி, ஐந்து நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்றும் அளப்பார்கள். அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு எழுதிக் கொடுத்தால் முதலில் எரியும், பலன் தெரிய மாதக்கணக்காகும், பாதியில் விடாதீர்கள். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள். கூடவே வாயும் வறண்டு, தண்ணீர் இல்லாமல் பிஸ்கட் விழுங்க முடியவில்லை, மூட்டுகளும் வலிக்கின்றன என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். அது, உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயாக இருக்கலாம், கண் மருத்துவரோடு மூட்டுநோய் மருத்துவரும் பார்க்க வேண்டிவரும்.