ரூபாயில் பெருக்காமல் துபாய் பார்ப்பது எப்படி

மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு சபுராளி, அதாவது வெளிநாட்டில் சம்பாதிக்கப் போனவர், உண்டு. நானும் 17 வருடம் துபாயில், தேரா பக்கம் ஓர் அத்தர் கடையில் நின்றவன். இப்போது என் தம்பி அங்கே இருக்கிறான். ஊரில் யார் வீட்டிலாவது "பையன் விசா எடுத்திருக்கான், ஒரு மாசம் போயிட்டு வாரோம்" என்று பேச்சு வந்தால், அடுத்த நாளே என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். என்ன கொண்டுபோக, என்ன வாங்க, எங்கே சாப்பிட. அவர்களுக்குச் சொல்வதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பணத்தைப் பற்றி. 2014-ல் என் உம்மா முதல் தடவை வந்தார். கடை வாசலில் கரக் டீ வாங்கிக் கொடுத்தேன், ஒரு திர்ஹம். அப்போது திர்ஹம் 16 ரூபாய் சொச்சம். உம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "எய்யா, இந்த ஒரு டீக்கு நம்மூர்ல அரைக் கிலோ சீனி வாங்கலாமே" என்றார். அந்த மாதம் முழுக்க இதே கணக்குதான். இளநீரா, பெருக்கல். டாக்ஸியா, பெருக்கல். மாலில் ஒரு செருப்பு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது, விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார். நான் சம்பாதித்ததே அவருக்காகத்தான், ஆனால் அவருக்கு ஒன்றும் வாங்கிக் கொடுக்க முடியாமல் திருப்பி அனுப்பினேன்.

2018 டிசம்பரில் மறுபடி வந்தபோது வேறு மாதிரி செய்தேன். இறங்கிய அன்றே ஒரு கவரில் 1,500 திர்ஹம் போட்டு அவர் கையில் கொடுத்து, "இது உங்களுடையது, மிச்சம் வந்தாலும் நான் திரும்ப வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை பெருக்கல் போய் கழித்தல் வந்தது. கவரில் எவ்வளவு இருக்கிறது, இதற்குக் கொடுத்தால் எவ்வளவு நிற்கும் என்று பார்த்துத் தானே தேர்ந்தெடுத்து வாங்கினார். பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், பெற்றோர் வந்தால் தொகை உங்கள் வசதிப்படி இருக்கட்டும், ஆனால் கவரை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். பெற்றோருக்குச் சொல்கிறேன், ஊரிலேயே மொத்தத் தொகையை முடிவு செய்துகொள்ளுங்கள். விமானம் ஏறிய பிறகு ரூபாயை மறந்துவிடுங்கள்.

போகும் காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் 45 டிகிரியைத் தொடும், வெளியே நடக்கவே முடியாது. பல நாட்டுக் கடைகள் கூடும் குளோபல் வில்லேஜ், பூக்களாலேயே அமைத்த மிராக்கிள் கார்டன் இரண்டையும் கோடையில் மூடிவிடுவார்கள். டிசம்பர், ஜனவரியில் ஷாப்பிங் திருவிழா நடக்கும். 1996-ல் தொடங்கியது, தள்ளுபடி நிஜமாகவே இருக்கும்.

பெட்டி கட்டும்போது மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும். கசகசா அங்கே தடை செய்யப்பட்ட பொருள். ஒரு ஸ்பூன்கூடக் கூடாது. குருமாப் பொடி, பிரியாணி மசாலா என்று வீட்டில் அரைத்துக் கொடுப்பதில் கலந்திருக்கும், அரைத்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். வெற்றிலையும் ஆகாது. வெற்றிலை போடும் பெரியவர்கள் அந்த ஒரு மாதத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்ளட்டும். மூன்றாவது மருந்து. சுகர், பிரஷர் மாத்திரை எதுவானாலும் டாக்டர் சீட்டோடு, அட்டையோடு கொண்டுபோங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அல்வா தாராளமாகக் கொண்டுபோகலாம். நெய் கசியும், அதனால் மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போட்டு, இரண்டு பாலித்தீன் உறை சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வேண்டாம். உடன்குடிக் கருப்பட்டியும் கொஞ்சம் வையுங்கள். அங்கே இருக்கும் பிள்ளைகள் தங்கத்தை வாங்குவதுபோல வாங்கிக்கொள்வார்கள்.

போய் இறங்கியதும் முதல் நாளே பெரிய மாலுக்குக் கூட்டிப்போகாதீர்கள். முதல் மாலை கிரீக்குக்குப் போக வேண்டும். தேரா கரையிலிருந்து பர் துபாய் கரைக்கு அப்ரா என்ற மரப்படகு போகும். கட்டணம் ஒரு திர்ஹம், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு நீளப் பலகை, இரண்டு பக்கமும் முதுகோடு முதுகு ஒட்டி இருபது பேர் உட்காரலாம். பக்கக் கட்டை கிடையாது, கால் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே நிற்கும். படகோட்டி நடுவில் ஒரு பள்ளத்துக்குள் நின்றபடியே ஓட்டுவார், காசும் அவரே வாங்குவார். மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்குப் பிறகு ஏறினால் இரண்டு கரை விளக்கும் தண்ணீரில் ஆடும். தாமிரபரணி பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஆறு போலத்தான் தெரியும், ஆனால் ஊருக்குள் நுழைந்த கடல்கழி அது. எண்ணெய் கிடைக்கும் முன்பு முத்துக் குளித்துப் பிழைத்த ஊர் துபாய். ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து 1930-களில் அந்தத் தொழிலைச் சாய்த்துவிட்டது. கொற்கை முத்தின் கதை தெரிந்த நமக்கு அந்தக் கரை அந்நியமாகத் தெரிவதில்லை.

தேரா பக்கம் இறங்கினால் மசாலா சந்தை, அதைத் தாண்டித் தங்கச் சந்தை. எல்லோரும் கேட்பது தங்கம்தான், அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

கடைக்குக் கடை திரையில் கிராம் விலை ஓடும். 24, 22, 21, 18 காரட் என்று தனித்தனியாக. அன்றைய விலை எல்லாக் கடையிலும் ஒன்றுதான், அதில் பேரம் கிடையாது. பேரம் பேச வேண்டியது செய்கூலியில். "கிராமுக்கு மேக்கிங் எவ்வளவு" என்று கேளுங்கள். மெஷின் சங்கிலிக்குக் குறைவு, கைவேலை நகைக்கு அதிகம். முதலில் சொல்வதில் பாதிக்குக் கேட்கலாம், வெட்கப்பட வேண்டாம். மூன்று கடை ஏறி இறங்கிவிட்டுத்தான் வாங்க வேண்டும். கல் வைத்த நகையென்றால் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்க எடை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். என் மாமா மகள் ஒரு கடையில் கல் நெக்லஸ் வாங்கினாள், ஊரில் வந்து எடை போட்டபோதுதான் கல்லுக்கும் தங்க விலை கொடுத்தது தெரிந்தது. பில்லில் எடை, காரட், அன்றைய விலை, செய்கூலி, வரி ஐந்தும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

வரி 5 சதவீதம், 2018 ஜனவரியில் வந்தது. சுற்றுலா விசாவில் போனவர்களுக்கு அதில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி டாக்ஸ் ஃப்ரீ சீட்டு ஒட்டச் சொல்ல வேண்டும். வரியில் 85 சதவீதம், அதில் சீட்டுக்கு 4.80 திர்ஹம் கழித்துக் கொடுப்பார்கள். 10,000 திர்ஹம் நகைக்கு வரி 500, கைக்கு வருவது 420.20. பிள்ளை ரெசிடென்ஸ் விசாவில் இருந்தால் அவன் பெயரில் பில் போட்டால் கிடைக்காது, உங்கள் பாஸ்போர்ட்டில்தான் போட வேண்டும். கிளம்பும் அன்று விமான நிலையத்தில் பெட்டியைப் போடுவதற்கு முன்பு அந்தக் கவுண்டருக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். போட்ட பிறகு போய், "பொருளைக் காட்டு" என்று சொன்னதும் திகைத்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, அங்கே வாங்குவது லாபமா? முன்பு நல்ல லாபம். 2024 ஜூலையில் நம் அரசு இறக்குமதித் தீர்வையை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தது, அப்போதே வித்தியாசம் சுருங்கிவிட்டது. இன்னொன்று, வரியில்லாமல் பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் நகை என்ற சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்குத்தான். ஒரு மாதம் போய் வருகிற உம்மாமாருக்கு அது கிடையாது. நகை வாங்கினால் இறங்கும்போது சுங்கத்தில் சொல்லித் தீர்வை கட்டிவிடுங்கள். ஊரிலிருந்தே கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு போகிறவர்கள், புறப்படும்போதே சுங்கத்தில் அந்த நகைக்குச் சான்று வாங்கிக்கொள்வது நல்லது. திரும்பும்போது வாக்குவாதம் வராது. என் கருத்து, மோதிரம் ஒன்று நினைவுக்கு வாங்குங்கள், கல்யாண நகையை ஊரில் எடுங்கள்.

அத்தர் வாங்குவதைப் பற்றி எனக்குச் சொல்ல உரிமை உண்டு. குப்பியைத் திறந்து மூக்கில் வைத்து முகர்ந்து வாங்காதீர்கள். ஒரு சொட்டு மணிக்கட்டின் உள்பக்கம் வைக்கச் சொல்லுங்கள், தேய்க்காதீர்கள். வெளியே போய் டீ குடித்துவிட்டு அரை மணி கழித்து முகருங்கள். முதலில் அடிப்பது ஒரு வாசனை, தோலோடு சேர்ந்து நிற்பது வேறு வாசனை. ஒரு நாளில் இரண்டுக்கு மேல் பார்த்தால் மூக்கு மரத்துப்போகும். ஊத் என்ற அகில் அத்தர் கேட்டால் 'ஹிந்தி' என்று ஒன்று எடுப்பார்கள், நம் அஸ்ஸாம் பக்கத்து அகில் மரத்தெண்ணெய் அது. முதல் நிமிடம் மாட்டுத்தொழுவம் போல அடிக்கும், முகம் சுளிக்காமல் பொறுத்திருங்கள். அகில் மரத்தில் பூஞ்சை பிடித்த இடத்தில்தான் அந்தப் பிசின் ஊறும், அதனால்தான் அந்த விலை. 30 திர்ஹமுக்கு ஒரு தோலா ஊத் என்று எவராவது கொடுத்தால் அது ஊத் இல்லை, ஊத் வாசனை போட்ட எண்ணெய். ஒரு தோலா ஏறத்தாழ 12 மில்லி. நல்ல சரக்கில் கால் தோலா வாங்கினால் போதும், இரண்டு பெருநாளுக்கு வரும். அப்படியே மசாலா சந்தையில் குங்குமப்பூவும் ஓமான் சாம்பிராணியும் வாங்கலாம். இங்கே பேரம் பேசலாம், பேசத்தான் வேண்டும்.

இப்போது பணக்காரத் துபாய். மெட்ரோவில் போங்கள். அதற்கான பயண அட்டை நோல் கார்டு, சில்வர் 25 திர்ஹம், அதில் 19 பயணத்துக்கு இருக்கும். பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு, ஆண்கள் அதில் ஏறினால் அபராதம். உள்ளே தின்னவோ குடிக்கவோ கூடாது, 100 திர்ஹம் போய்விடும். ரோட்டை நினைத்த இடத்தில் கடப்பதும் அப்படித்தான், அபராதம் 400 திர்ஹம். துபாய் மால் ஸ்டேஷனிலிருந்து மாலுக்குள் போக முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை. நகரும் பாதை உண்டு, ஆனாலும் முட்டி வலிக்காரர்களை டாக்ஸியில் கூட்டிப்போங்கள். 1,200 கடைக்கு மேல் இருக்கிறது, எல்லாம் பார்க்க நினைக்காதீர்கள். மீன் தொட்டியின் கண்ணாடியை வெளியிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம், ஒரு கோடி லிட்டர் தண்ணீர், சுறா தலைக்கு மேல் போகும். உம்மா அங்கே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாலையில் வெளியே வந்தால் நீரூற்று ஆடும், அதற்கும் காசில்லை. எதிரே 828 மீட்டர் புர்ஜ் கலிஃபா. 124-வது மாடிக்கு ஏற ஆசையிருந்தால் முன்பே ஆன்லைனில் எடுங்கள், சூரியன் மறையும் நேரத்துக்கு விலை கூடுதல். காது அடைக்கும், மிட்டாய் ஒன்று வாயில் போட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், படச் சட்டம் போல நிற்கும் துபாய் ஃபிரேம் கட்டடம் போதும். 150 மீட்டர் உயரம், 50 திர்ஹம், ஒரு பக்கம் பழைய தேரா, மறு பக்கம் புதிய ஊர். என் கடை இருந்த திசையை உம்மாவுக்குக் கை நீட்டிக் காட்டியது அங்கிருந்துதான்.

சாப்பாடு. கராமா பகுதியில் நம்மூர் ஹோட்டல்கள் வரிசையாக உண்டு. மூன்றாவது நாள் நாக்கு கேட்கும், அப்போது போங்கள். முதலில் மந்தி சாப்பிடுங்கள், பெரிய தட்டில் சோறும் ஆட்டுக்கறியும், சுற்றி உட்கார்ந்து கை போடுவது. கல்யாண வீட்டில் சகன் சாப்பாடு பழகிய நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு தட்டு இரண்டு பேருக்குக் காணும். காலைக்கு பலாலீத் என்று ஒன்று, இனிப்புச் சேமியாவின் மேல் முட்டை அடை. கேட்க ஒரு மாதிரி இருக்கும், ருசி நன்றாக இருக்கும். லுகைமாத் நம் பணியாரத்தின் சித்தி மகள், மேலே பேரீச்சம்பாகு ஊற்றித் தருவார்கள். பெரிய ஹோட்டலில் ஒரு நாள் உட்கார ஆசைப்படுவது தப்பே இல்லை. மதியம் போங்கள். வேலை நாட்களில் பல இடங்களில் மதியச் சாப்பாடு ஒரே விலைக்குத் தொகுப்பாகக் கிடைக்கும், ராத்திரி விலையில் பாதிகூட வராது. தண்ணீர் கேட்கும்போது "லோக்கல் வாட்டர்" என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெளிநாட்டுப் பாட்டிலைத் திறந்துவிடுவார்கள், விலை சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஒன்று விட்டுவிட்டேன், அங்கிருந்து வாட்ஸ்அப் கால் போகாது. போட்டிம் செயலியை இங்கேயே இரண்டு பக்க போனிலும் ஏற்றிவிடுங்கள்.

திரும்பும் பெட்டிக்கு முன்பெல்லாம் டாங்க் ஜூஸ் பொடி, நிடோ பால்பொடி, சோப்பு, கம்பளி என்று அடைப்போம். அதெல்லாம் இப்போது பாளையங்கோட்டையிலேயே கிடைக்கிறது, எடையை அதற்குக் கொடுக்காதீர்கள். பேரீச்சம்பழம் வாங்குங்கள். சுக்கரி இனிப்பும் மென்மையும், கலாஸ் பல்லில் ஒட்டும், மெட்ஜூல் பெரிது, விலையும் பெரிது. பெட்டியாக அல்ல, கடையில் ஒவ்வொன்று தின்று பார்த்து எடுங்கள், தருவார்கள். கோடாரித் தைலம் ஒரு டஜன், அது இல்லாமல் தெருவுக்குள் வர முடியாது. வீட்டிலேயே தொங்கு தராசில் பெட்டியை எடை போட்டு, அரைக் கிலோ குறைவாகவே வையுங்கள்.

திருவனந்தபுரத்தில் இறங்கியதும், வாசலில் நிற்கும் சொந்தக்காரர்களைக் கட்டிப்பிடிக்கும் முன் பெட்டியை எண்ணுங்கள். உம்மாவின் செருப்புப் பெட்டி டிராலியிலேயே நின்று, நாங்கள் களியக்காவிளை தாண்டிய பிறகு திரும்பிப் போய் எடுத்து வந்தோம்.